யூதர்களுக்கு எதற்குத் தனி முதியோர் இல்லம்?

கேள்வி: என் மகள் லண்டனில் யூத முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியாகச் சேர்ந்திருக்கிறாள். தாய் தகப்பனை மதிக்கச் சொல்வது அவர்களுடைய பத்துக் கட்டளைகளில் ஒன்று. அப்படிப்பட்டவர்கள் பெற்றவர்களை இல்லத்தில் விடலாமா? அதுவும் தங்களுக்கென்று தனியாக எதற்கு?

பதில்: அந்த ஊரில் முதியோரைப் பராமரிக்கும் வேலையில் பதினான்கு ஆண்டுகள் இருந்தவள் நான். வேலைக்குப் போன புதிதில் எனக்கும் இதே கேள்வி இருந்தது. ஆனால் அந்த இல்லங்கள் பெற்றோரைக் கைகழுவுவதற்காக எழுந்தவை அல்ல, அம்மா. அவர்களை ஓர் இடத்துக்குப் போகவிடாமல் காப்பதற்காக எழுந்தவை.

அந்த இடத்தின் பெயர் ‘ஒர்க்ஹவுஸ்’, அதாவது ஏழைகளைச் சேர்த்து வைத்து வேலை வாங்கும் விடுதி. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்துக்குப் பிறகு, பிழைக்க வழியற்ற கிழவர்களுக்கு இங்கிலாந்தில் பெரும்பாலும் அந்த விடுதிதான் கதி. உள்ளே நுழைந்ததும் சொந்த உடையை வாங்கிக்கொண்டு சீருடை கொடுப்பார்கள். காலமெல்லாம் சேர்ந்து வாழ்ந்த கணவனையும் மனைவியையும் ஆளுக்கொரு பக்கம் பிரித்து வைப்பார்கள். எல்லா ஏழைகளுக்கும் இதுதான் நிலை என்றாலும், யூத முதியவருக்குச் சோற்றுத் தட்டே சோதனை. பன்றி இறைச்சியை அவர் தொட மாட்டார். மற்ற இறைச்சியும் அவர்கள் முறைப்படி அறுத்ததாக இருக்க வேண்டும். பால் புழங்கும் பாத்திரம் வேறு, இறைச்சிப் பாத்திரம் வேறு. அங்கே இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? விடுதியின் ஓய்வுநாளோ ஞாயிறு, அவருடையது சனி.

செத்த பிறகாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. விடுதியில் இறந்து, கேட்க ஆளில்லாமல் போனவர்களின் உடலை மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிக்கக் கொடுக்கலாம் என்று 1832ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. இறந்தவரின் உடலில் கத்தி படாமல், காலம் தாழ்த்தாமல் மண்ணில் சேர்ப்பதைப் பெரும் கடமையாகக் கருதும் மக்கள் அவர்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் கிழக்கு லண்டன் யூதர்கள் தாங்களே வழி தேடினார்கள். 1840இல் முதியோருக்கு ஓர் இல்லம், 1843இல் கைம்பெண்களுக்கு ஒன்று. 1871இல் சாலமன் கிரீன் என்பவர் வெண்ட்வொர்த் தெருவில் ஒன்றைத் தொடங்கி, அதற்கு ‘யூத ஒர்க்ஹவுஸ்’ என்றே பெயர் வைத்தார். பெயர்தான் அது, உள்ளே சமையல் அவர்களுடையது. இந்த மூன்றும் 1894இல் ஒன்றாயின. பிறகு வாண்ட்ஸ்வொர்த் பிரபு தெற்கு லண்டனில் நைட்டிங்கேல் லேன் என்ற தெருவில் இருந்த பெரிய வீட்டைக் கொடுக்க, 1907இல் இல்லம் அங்கே குடிபோனது. நைட்டிங்கேல் ஹவுஸ் என்ற பெயரில் இன்றும் அங்கேதான் நடக்கிறது. 2017இல் அதன் வளாகத்திலேயே ஒரு மழலையர் பள்ளியும் வந்துவிட்டது. தொண்ணூறு வயதும் மூன்று வயதும் ஒரே மேசையில் உட்கார்ந்து களிமண் பிசைவது எவ்வளவு நல்ல ஏற்பாடு!

1909 முதல் எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை அரசே ஓய்வூதியம் தந்ததே என்று நீங்கள் கேட்கலாம். அதைப் பெற இருபது ஆண்டுகள் பிரிட்டிஷ் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். ரஷ்யப் பேரரசின் வன்முறைக்குத் தப்பி வந்து, ஊசியும் நூலுமாக உழைத்துக் கண் மங்கிய தையற்காரர்கள் பலருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

அதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு எதற்குத் தனி இல்லம் என்றால், ஆம்ஸ்டர்டாமில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அங்கே ‘யோட்ஸ இன்வலீட’ என்ற இல்லம் இருந்தது. யூத முதியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்குமான அந்த இல்லத்துக்கு 1937இல் கண்ணாடி மாளிகை போன்ற புதிய கட்டடம் எழும்பியது. 1943 மார்ச் 1 அன்று நாஜிகள் வந்து, அங்கே எஞ்சியிருந்தவர்களை, படுக்கையில் கிடந்தவர்கள் உட்பட, கொண்டுபோய்விட்டார்கள்.

அந்தக் காலத்தைத் தாண்டி உயிரோடு வந்த ஒருவரை நான் பராமரித்திருக்கிறேன். அது யூத இல்லம் அல்ல. அவருடைய கதை தெரிந்தவர்களும் அங்கே இல்லை. ஒருநாள் படுக்கையை உதறியபோது தலையணைக்கடியில் காய்ந்த ரொட்டித் துண்டுகள் கிடந்தன. எறும்பு வருமே என்று குப்பையில் போட்டேன். அந்த அம்மாள் அன்றிரவு முழுவதும் அழுதார். நாஜிகளின் முகாமில் பட்டினி கிடந்தவர் என்று மறுநாள் அவருடைய மகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. குளிப்பறையின் தண்ணீர்ச் சத்தம், சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பது, நாய் குரைப்பது என்று எதுவும் இவர்களை அந்த நாட்களுக்கே இழுத்துச் சென்றுவிடும். மறதி நோய் வந்தவர்கள் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, சிறுவயதில் பேசிய இத்திஷ் மொழிக்கே திரும்புவதும் உண்டு. யூத இல்லங்களில் இதையெல்லாம் அறிந்தவர்கள் இருப்பார்கள். தனி இல்லம் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: தலையணைக்கடியில் ரொட்டி கிடந்தால் எறிய வேண்டாம். பழையதை எடுத்துவிட்டு, அவர் பார்க்கும்படியே புதிய துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி அங்கே வைக்கட்டும்.