மனச்சோர்வு மாத்திரை இதயத்துக்கு ஆபத்தா?

வேலூர் தோட்டப்பாளையத்தில் இருக்கும் அப்பாவுக்கு மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு மாத்திரை தந்திருக்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாத்திரையைவிட, கவனிக்காமல் விட்ட மனச்சோர்வுதான் எனக்குப் பெரிய பயம். மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஏறும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கோட்டைப் பக்கம் காலையில் நடப்பதும், இதய மாத்திரை போடுவதும்கூட நின்றுவிடும். என் மாமாவிடம் அதைத்தான் பார்த்தேன்.

செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரையை மாரடைப்பு வந்தவர்களிடமே சோதித்திருக்கிறார்கள், பொதுவாகப் பாதுகாப்பானது. சிட்டலோபிராம் என்ற இன்னொரு மாத்திரையின் அளவு கூடினால் இதயத் துடிப்பின் சீர் குலையலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம்தான் உச்சம். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகளை இதய நோயாளிகளுக்குப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள்.

இந்த மாத்திரையோடு ஆஸ்பிரினும் போடுகிறார் என்றால் ரத்தக்கசிவைக் கவனியுங்கள். மலம் கறுத்தால் உடனே டாக்டரிடம் போங்கள். மனச்சோர்வு மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். ஈசிஜி தேவையா என்று கேளுங்கள்.