மலையகத்தில் நகரத் திட்டமிடல், தொகைமதிப்பு முன்னாயத்தப் பயிற்சி: மாணவருக்கு அங்கே என்ன வேலை?

நுவரெலியா மாவட்டத்தில் உள்ளூராட்சி மன்றமொன்றின் திட்டமிடல் பிரிவில் எட்டு வாரப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருப்பதாகவும், நகர வரைபட வேலையோடு கணக்கெடுப்புக்கான முன்னாயத்த வேலையும் அங்கே இருக்கும் என்று சொல்லப்பட்டதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். விடுமுறை முழுவதும் போட்டோகொப்பி எடுத்தே கழிந்துவிடுமோ என்பது உங்கள் சந்தேகம். 2024 தொகைமதிப்புக்கு முந்திய விடுமுறையில், புவியியல் மாணவியாக, இதே மாவட்டத்தில் இதே மாதிரியான பயிற்சிக்குப் போனவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பயிற்சி பயன் தரும். ஆனால் வரைபடத்தைக் கையில் கொடுத்து உங்களை மலையேற்றி அனுப்பினால் மட்டுமே தரும்.

முதல் இரண்டு வாரமும் எனக்குப் போட்டோகொப்பிதான். நான் போன அலுவலகத்தில் பயிலுநருக்கு என்ன வேலை கொடுப்பது என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. கொடுப்பனவும் இல்லை, பஸ் கட்டணமும் நம்முடையதே. கட்டிட அனுமதி விண்ணப்பக் கோவைகளைத் திகதிப்படி அடுக்குவதும் தேநீர் நேரத்துக்குக் காத்திருப்பதுமாக நாட்கள் போயின. மூன்றாவது வாரத்தில், பிரதேச செயலகத்திலிருந்து வந்த புள்ளிவிபர உத்தியோகத்தர் ஒருவர், நகர எல்லையை ஒட்டிய தேயிலைத் தோட்டப் பிரிவுகளின் கட்டிடங்களைச் செய்மதிப் படத்தில் அடையாளமிட ஆள் தேவை என்று கேட்டபோதுதான் பயிற்சி தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

வேலையின் அடிப்படை எளிமையானது. கணக்கெடுப்புக்கு முன்னதாக நாடு முழுவதும் சிறு சிறு கணக்கெடுப்புத் துண்டுகளாகப் பிரிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் குறித்த நாட்களுக்குள் ஒருவர் நடந்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எந்தக் கட்டிடமும் இரண்டு துண்டுகளில் விழவும் கூடாது, இரண்டுக்கும் நடுவில் விடுபட்டுப் போகவும் கூடாது. இதற்காகக் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் செய்மதிப் படத்தை விரித்து, கூரை கூரையாகக் கட்டம் வரைந்து, ஒவ்வொன்றிலும் எத்தனை குடியிருப்புகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டு எழுதினேன். லயம் என்பது தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீள வரிசை வீடு. அதில் ஒரு வீடான காம்பரா, அதாவது அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த கணக்கு. ஆகவே நூற்றிருபதடி நீளக் கூரையைக் கண்டால் பன்னிரண்டு வீடு என்று போட்டுவிட்டு அடுத்த கூரைக்குப் போனேன். இரண்டு நாளில் மூன்று பிரிவுகளை முடித்த பெருமிதமும் இருந்தது.

வெளிக்களத்துக்குப் போன முதல் நாளே அந்தப் பெருமிதம் போயிற்று. தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துக்கு மேலே இருந்த லயத்தை முன்புறமாக நடந்து எண்ணினேன். பன்னிரண்டு கதவுகள் சரியாக இருந்தன. தாளில் சரி போட்டுத் திரும்பும்போது கூரையின் மறுபக்கத்திலிருந்தும் புகை எழுவதைக் கண்டு சுற்றிக்கொண்டு போனால், அங்கே இன்னொரு வரிசையில் இன்னும் பன்னிரண்டு கதவுகள். அது முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட ரெட்டை லயம். மேலிருந்து பார்க்கும் செய்மதிக்கு ஒற்றை லயமும் ரெட்டை லயமும் ஒரே தகரக் கூரைதான். கூரையின் அகலத்தைக் கவனித்திருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும், நான் நீளத்தை மட்டும் அளந்திருந்தேன். வெட்கம் என்னவென்றால், நான் பிறந்து வளர்ந்ததே அப்படியொரு ரெட்டை லயத்தில். பின்வீட்டுச் சமையல் வாசனையைச் சுவர் வழியே மணந்து வளர்ந்தவள், கணினியின் முன்னால் உட்கார்ந்ததும் அந்தப் பின்வீட்டையே மறந்துவிட்டேன்.

கதவை எண்ணி முடித்தால் அடுத்த கேள்வி வருகிறது: கதவுக்குப் பின்னால் இருப்பது ஒரு குடித்தனமா, இரண்டா? கணக்கெடுப்பில் வீடு என்பதும் குடித்தனம் என்பதும் வெவ்வேறு. தனியாகப் போய்வர வாசல் உண்டா என்பதை வைத்து வீட்டையும், சேர்ந்து வாழ்ந்து சாப்பாட்டை ஒன்றாக ஏற்பாடு செய்துகொள்கிறார்களா என்பதை வைத்துக் குடித்தனத்தையும் தீர்மானிக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. அந்த லயத்தின் தொங்கல் காம்பராவில், அதாவது வரிசையின் கடைசி வீட்டில், மகனுக்குக் கல்யாணமானதும் பக்கவாட்டில் தகரம் அடித்து ஓர் அறை இறக்கியிருந்தார்கள். அதற்குக் கானை, அதாவது வடிகாலைப் பார்த்தபடி தனிக் கதவு. உள்ளே தனி அடுப்பு. இரண்டு குடித்தனம் என்று எழுதப் போகும்போது, இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி தடுத்தார். "அடுப்பு ரெண்டுதான் புள்ள, ஆனா அரிசி ஒண்ணு. சம்பளம் வந்தா மூட்டையா வாங்கி இங்கதான் வைப்போம். அவ வேலையால வரப் பொழுதாயிட்டா சோறு இங்கேயிருந்துதான் போகும்." அப்படியானால் மகனுடைய குடும்பம் தனியா, சேர்ந்ததா என்று கேட்டேன். "சண்டை வந்தா தனி" என்றார்.

உடன் வந்த உத்தியோகத்தர் சிரித்துவிட்டு, இரண்டு வாசல்களையும் எழுதி அருகில் குறிப்பு வைக்கச் சொன்னார். பட்டியலிடும் கட்டத்தில் நமது பொறுப்பு வாசலைத் தவறவிடாமல் இருப்பது; உள்ளே எத்தனை குடித்தனம் என்பதைக் கணக்கெடுப்பவர் கேட்டுத் தீர்த்துக்கொள்வார், ஆனால் தாளில் இல்லாத வாசலை அவர் தட்டவே மாட்டார் என்பது அவருடைய விளக்கம். எட்டு வாரத்தில் நான் கேட்டவற்றுள் மிகவும் உருப்படியான பாடம் அதுதான்.

முகவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகரசபை எல்லைக்குள் ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஆதனவரிக்கான, அதாவது சொத்து வரிக்கான இலக்கம் இருப்பதால், வீதிப் பெயரும் இலக்கமும் சேர்ந்து முகவரியாகிவிடுகின்றன. லயத்து வீட்டுக்கு அந்த வரியும் இல்லை, அந்த இலக்கமும் இல்லை. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான் முகவரி, கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் கிடக்கும். அந்தப் பெயரிலும் சிக்கல் உண்டு. பெயர்ப்பலகையில் வெள்ளைக்காரர் வைத்த பெயர் இருக்கும், கிராம சேவகர் பிரிவு சிங்களப் பெயரில் இருக்கும், குடியிருப்போரோ தங்கள் முன்னோர் வைத்த தமிழ்ப் பெயரைத்தான் சொல்வார்கள். மூன்றும் ஒரே இடம் என்பது வெளியூர் அதிகாரிக்குத் தெரியாது. ஒரே இடத்தை இரண்டு இடமாக எண்ணிய தாளையும் பார்த்தேன், இரண்டு பிரிவுகளை ஒன்றாகக் கொண்ட தாளையும் பார்த்தேன். மூன்று பெயர்களையும் அருகருகே எழுதிய ஒரு பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தேன். மென்பொருள் தெரிந்தவர்கள் அலுவலகத்தில் வேறும் இருந்தார்கள். அந்தப் பட்டியலைத் தயாரிக்க அங்கே என்னைத் தவிர ஆள் இருக்கவில்லை.

எழுதுபுத்தகத்தோடு ஒருவர் லயத்துக்கு வந்தால் பெரியவர்களுக்கு உடனே வரும் கேள்வி, எதற்குப் பெயர் எழுதுகிறீர்கள் என்பது. இதை அறியாமை என்று எண்ணிவிடாதீர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுடைய பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவ்வாறு நாடற்றவர்களானோரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனத் தலைகளைப் பங்கிட்டது. மிஞ்சிய 150,000 பேரைப் பற்றிய முடிவு பின்னர் எடுக்கப்பட்டது. எஞ்சியோரின் பிரஜாவுரிமைச் சிக்கலைத் தீர்க்கச் சட்டம் வந்தது 2003இல். பட்டியலில் பெயர் ஏறியதும் ஏறாததும் குடும்பத்தை எங்கே கொண்டுபோய்விட்டது என்பதை அனுபவித்தவர்கள் அவர்கள். முதியவர் ஒருவர் நான் கேட்காமலே பொலித்தீன் பையில் சுற்றிய பழைய பத்திரங்களை எடுத்துக்கொண்டு வந்து, மடிப்பில் கிழிந்திருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். எனக்கு அவை தேவைப்படவில்லை. ஆனாலும் முழுவதையும் பார்த்து முடிக்கும்வரை இருந்தேன். தொகைமதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தனியாள் தகவல் இரகசியமானது என்பதைச் சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது.

இனித் திட்டமிடல் பக்கம். இங்கேதான் மாணவருக்கு அதிகம் சிந்திக்க இடமுண்டு. இலங்கையின் புள்ளிவிபரத்தில் மாநகரசபை, நகரசபை எல்லைகளுக்குள் இருப்பது மட்டுமே நகரம். இருபது ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பும் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வதியும் தொழிலாளரும் கொண்ட பெருந்தோட்டம் தோட்டத்துறை, மற்றதெல்லாம் கிராமம். ஆகவே பஸ் தரிப்பிடம், வங்கி, நகை அடகுக் கடை என்று எல்லாம் இருந்தும் கொட்டகலை பிரதேச சபைக்குள் இருப்பதால் அதன் கடைவீதி கிராமமாகிறது. சிறு நகரங்களுக்கு இருந்த பட்டினசபைகள் 1987இல் இல்லாமற் போய், அவை பிரதேச சபைகளுக்குள் அடங்கியதன் விளைவு இது. 1981இல் 21.5 வீதமாக இருந்த நகர மக்கள்தொகை 2012இல் 18.2 வீதமாகக் குறைந்ததாகத் தெரிவதற்கு இந்த வரைவிலக்கணமே முக்கிய காரணம், மக்கள் நகரத்தை விட்டு ஓடியதல்ல.

தோட்டமும் இதே எல்லைகளால் பாதிக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை பணம் செலவிடுவதற்கு முட்டுக்கட்டையாக இருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது. அதே ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலோடு நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பிரதேச சபைகளும் ஆறாகின. நான் போன காலத்தில் அலுவலகச் சுவரில் தொங்கிய வரைபடம் பழைய இரண்டையே காட்டிக்கொண்டிருந்தது. சபை எல்லை, கிராம சேவகர் பிரிவின் எல்லை, தோட்டத்தின் எல்லை ஆகிய மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதில்லை என்பதை அந்த மூன்று அடுக்குகளையும் கணினியில் ஏற்றிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கும். குழாய் பதிக்க வேண்டியது யார் என்ற சண்டை ஏன் வருடக்கணக்காக நடக்கிறது என்பதும் கூடவே விளங்கிவிடும்.

வசதி கிடைத்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வலய வரைபடத்தையும் அதே அடுக்குகளின் மேல் வைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டபோது, காணாமற் போனவர்கள் நூற்றுக்கு மேல் என்று தொடங்கிய எண்ணிக்கை பின்னர் பெரிதும் குறைக்கப்பட்டது. எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை பேர், அவர்களுள் அன்று காலை வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனவர்கள் யார், கொழும்பில் வேலை செய்பவர் யார் என்பது உடனடியாகச் சொல்லக்கூடியதாக இருக்கவில்லை. நான் அலட்சியமாகப் பாதியாக்கிய லயம் அபாய வலயமொன்றின் ஓரத்தில் இருந்ததை அடுக்குகளைச் சேர்த்த பிறகுதான் கண்டேன். அன்றிலிருந்து கூரையை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நடைமுறைக்கு உதவும் சில விடயங்கள். காலை எட்டு மணிக்கு லயத்துக்குப் போனால் முதியவர்களும் நாய்களும்தான் இருப்பார்கள்; மாலை கொழுந்து நிறுத்து முடிந்து, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகு போங்கள், ஆனால் சமைக்கும் நேரத்தில் நிற்க வைத்துப் பேசாதீர்கள். குறிப்புகளைப் பென்சிலால் எழுதுங்கள். ஹட்டன் பக்கத்து மழையில் பேனா மை நிற்காது. காலில் ஏறும் அட்டைப் பூச்சிக்கு உப்பும் சவர்க்காரமும் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் போக முகாமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும், அதை அலுவலகம் எழுதித் தர ஒரு வாரமாவது செல்லும் என்பதால் முதல் நாளே கேட்டுவிடுங்கள். அறிக்கைகள் பெரும்பாலும் சிங்களத்தில் வரும். வாசிக்கத் தெரியாவிட்டால் இப்போதிருந்தே பழகத் தொடங்குங்கள்.

சான்றிதழைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தருவார்கள். எனக்குத் தந்ததில் "கணினி வேலையில் உதவினார்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைவிட, உத்தியோகத்தர் சிவப்புப் பேனாவால் 12ஐ வெட்டி 24 என்று எழுதிய தாளின் பிரதியைத்தான் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் கேட்டார்கள்.