கற்றுக்கொடுக்க வந்த மகன்

அம்மா, வணக்கம். எனக்கு 66 வயது. கோவையில் மோட்டார் ரீவைண்டிங் கடை, கருகிய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றும் வேலை. இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். என்னிடம் எதையும் கேட்பதில்லை, அதுதான் பிரச்சினை. மோட்டாரைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் காயில், அதாவது கம்பிச் சுருள், எல்லாமே ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு, சிலது மட்டும் கருகியிருந்தால் ஒரு ஃபேஸ் வரவில்லை என்று நின்ற இடத்திலேயே சொல்வேன். அவன் யூடியூப் பார்க்கிறான். நான் 14 வயதில் எடுபிடியாகச் சேர்ந்தவன். சந்தேகம் கேட்டால் முதலாளி கையிலிருக்கும் ஸ்பேனர் பறந்து வரும். அப்படிக் கற்ற தொழில். இவன் காயில்மேல் பூசிய வார்னிஷ் சரியாகக் காய்வதற்குள் டெலிவரி கொடுக்கிறான். சொன்னால் 'சரிப்பா' என்பான், அவ்வளவுதான். மருமகள்கூட ரேஷன் கார்டு விஷயமென்றால் என்னிடம் வருகிறாள், இவன் வருவதில்லை. நடுவில் ஒருநாள் புது டிரைவில், அதாவது மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில், செட்டிங் மாற்றுவதைக் காட்டக் கூப்பிட்டான், கடைப் பையன்கள் எல்லாம் நின்றார்கள், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று எழுந்து வந்துவிட்டேன், அது வேறு. இப்போது கடைப்பக்கம் அதிகம் போவதில்லை. அனுபவத்துக்கு மரியாதையே இல்லையா? எதையுமே கேட்பதில்லை அம்மா.

— பெயர் வேண்டாம், கோவை

ஐயா,

'அது வேறு' என்று தள்ளிவிட்டீர்களே, உங்கள் கடிதமே அதுதான். கண்ணாடி அன்று சட்டைப் பையிலேயே இருந்திருக்குமோ என்று எனக்கொரு சந்தேகம்.

தெரியாது என்று காட்டிக்கொண்டால் அடி விழும் என்பதுதான் நீங்கள் கற்ற முதல் பாடம். பையன்கள் முன்னால் மகன் டிரைவைக் காட்டியபோது அந்த 14 வயது எடுபிடிதான் எழுந்து ஓடினான். புரிகிறது. ஆனால் மகனுக்கு அது எப்படித் தெரியும்? அப்பாவுக்கு நம் வேலையில் அக்கறையில்லை என்றுதான் நினைத்திருப்பான். அவன் கேட்பதில்லை என்கிறீர்கள். அவன் கொடுக்க வந்ததை வாங்காதவர் நீங்கள். இன்னொன்று: அவனுக்கு நீங்கள் எப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. ஸ்பேனர் பறந்திருக்காது, முகம் சுளித்திருக்கலாம். யூடியூப் முகம் சுளிக்காது.

அடுத்த தலைமுறையை வளர்ப்பதுதான் நடுவயதின் பெரிய வேலை என்று 1950-இல் எழுதிய உளவியலாளர் எரிக் எரிக்சன், நாம் தேவைப்படுகிறோம் என்ற உணர்வு பெரியவர்களுக்கு அவசியம் என்றார். உங்கள் ஏக்கம் அதுதான், அதில் தப்பில்லை. ஆனால் நாம் வளர்த்ததிடமிருந்தே நமக்கு வழிகாட்டுதலும் ஊக்கமும் வர வேண்டும் என்றும் அவர் அங்கேயே சொல்கிறார். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டிரைவ் செட்டிங் மெதுவாகத்தான் பிடிபடும். புதியதைச் சட்டென்று பிடிக்கும் திறன் வயதோடு குறையும், அனுபவத்தில் திரண்ட அறிவு வெகுகாலம் நிற்கும் என்று ரேமண்ட் கேட்டல், ஜான் ஹார்ன் என்ற உளவியலாளர்கள் 1960களிலேயே பிரித்துக் காட்டினார்கள். காயிலைப் பார்த்தே காரணம் சொல்வது இந்த இரண்டாவது வகை.

பையன்கள் போனபின், கடை சாத்தும் நேரத்தில், 'ஓவர்லோடு என்று டிரைவ் எப்படிக் கண்டுபிடிக்கிறது?' என்று மகனிடம் கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை திருத்தாதீர்கள். வார்னிஷ் பேச்சை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம்.