25,000 ரூபாய்க்குள் லினக்ஸ் நன்றாக ஓடும் மடிக்கணினியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அந்த விலையில் புதிய மடிக்கணினி வாங்க வேண்டாம் என்பதே என் பதில். மலிவான புதிய கணினிகள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 4 ஜிபி போதவில்லை என்று பின்னால் தெரிந்தாலும் கூட்ட வழியிருக்காது. அதற்குப் பதிலாக, நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிட்ட லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் வகைகளைச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தேடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளில் மிகப் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. லினக்ஸுக்கு அந்தத் தடை இல்லையாதலால், ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளைப் பேரம் பேசி வாங்க நமக்கு நல்ல வாய்ப்பு.

நான் பயன்படுத்துவது திங்க்பேட் டி480. அதில் ரேமுக்கு இரண்டு செருகிடங்கள் உள்ளன. பெயரில் ஓர் 'எஸ்' கூடிய டி480எஸ்ஸிலோ ஒன்றுதான், மீதி பற்றவைக்கப்பட்டது. கடைக்காரர் இரண்டும் ஒன்றே என்பார், நம்பிவிடாதீர்கள்.

வைஃபை சில்லு இன்டெலுடையதாக இருந்தால் கவலையில்லை. டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் 12-ஆம் பதிப்பு முதல் நிறுவல் கோப்பிலேயே, இத்தகைய சில்லுகள் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர்கள் சேர்க்கப்பட்டிருப்பதால் தனியாகத் தேடியலைய வேண்டியதில்லை. ஆனால் பிராட்காம் சில்லுகள் சில இன்றும் தொல்லை தருகின்றன. என்விடியா வரைகலை அட்டை உங்கள் வேலைக்குத் தேவையில்லையென்றால் தவிர்ப்பதே நல்லது. கைரேகை உணரியை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பணம் கொடுக்குமுன், லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகிக் கடையிலேயே இயக்கிப் பாருங்கள். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டோடு இணைத்து, ஒலியையும் கேமராவையும் சோதித்தபின், மூடியைச் சாத்தி ஒரு நிமிடம் கழித்துத் திறக்க வேண்டும். திரை விழித்தாலும் வைஃபை விழிக்காத கணினிகளை நான் பார்த்திருக்கிறேன். மின்கலத்தின் இப்போதைய கொள்ளளவையும் அங்கேயே பார்த்துவிடலாம்: டி480-இன் உள்மின்கலம் புதிதில் 24 வாட்-மணி, நான் வாங்கியதில் 13 மட்டுமே எஞ்சியிருந்ததைக் காட்டி விலையைக் குறைத்தேன்.

இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணம் அதற்கு முன் வாங்கிய கணினி. விண்டோஸ் ஓடியதைப் பார்த்ததும் மகிழ்ந்து வாங்கி வந்தேன். வீட்டில் பென்டிரைவைச் செருகியபோதுதான், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருப்பதும், வன்தட்டைத் தவிர வேறெதிலிருந்தும் தொடங்க விடாது என்பதும் தெரிந்தது. அந்தக் கடவுச்சொல் கடைக்காரருக்கும் தெரியவில்லை.