கட்டாய மருத்துவக் காப்புறுதி வன்னிக்குச் சரிவருமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வாசிகசாலையில் கொஞ்ச நாளாக ஒரே விவாதம். சுவிஸில் இருக்கும் என் தம்பி, அங்கே மருத்துவக் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம், அதனால்தான் வைத்தியம் தரமாக இருக்கிறது என்கிறான். மோட்டார் சைக்கிளுக்கே காப்புறுதி கட்டாயம், மனிசருக்கு ஏன் இல்லை என்று இளம் ஆட்கள் கேட்கிறார்கள். இது இலவச வைத்தியத்தை ஒழிக்கும் சதி என்கிறார்கள் வயதானவர்கள். நீங்கள் எந்தப் பக்கம் அக்கா?
– விவசாயி, பரந்தன்

பதில்: இன்றைய நிலையில் நான் கட்டாயக் காப்புறுதியை ஆதரிக்கவில்லை. ஆனால் உங்கள் தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை முதலில் பார்ப்போம்.

சுவிஸில் 1996 முதல் அடிப்படை மருத்துவக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். அங்கே போய்க் குடியேறுபவர் 3 மாதத்துக்குள் ஏதாவது ஒரு கம்பனியில் சேர்ந்தாக வேண்டும். அதே சட்டம் கம்பனிகளையும் கட்டிப்போடுகிறது. சலரோகக்காரர், வயது போனவர் என்று சொல்லி அடிப்படைத் திட்டத்தில் ஒருவரையும் மறுக்க முடியாது. இந்த இரண்டு விதிகளும் சேர்ந்துதான் நிற்கும். கம்பனி யாரையும் மறுக்கக் கூடாது, ஆனால் மக்கள் விரும்பினால் மட்டும் சேரலாம் என்று விட்டால், வருத்தம் வந்த பிறகுதான் ஆட்கள் சேருவார்கள். நோயாளிகள் மட்டும் நிறைந்தால் காப்புறுதிக்குத் தவணையாகக் கட்டும் கட்டுப்பணம் ஏறும், ஏற ஏறச் சுகமாக இருப்பவர்கள் கழன்று போவார்கள். அமெரிக்காவில் 2010இல் வந்த சட்டம் காப்புறுதி எடுக்காதவர்களுக்குத் தண்டம் விதித்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான். அரசியல் எதிர்ப்பு ஓயாமல், 2019இலிருந்து மத்திய அரசு அந்தத் தண்டத்தைப் பூச்சியமாக்கிவிட்டது.

இனித் தம்பியிடம் இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். மாதா மாதம் அந்தக் கட்டுப்பணத்தை யார் கட்டுகிறார்? அவர்தான். அடிப்படைக் காப்புறுதியில் முதலாளிக்குப் பங்கில்லை. அப்படிக் கட்டிய பிறகும் டொக்டரிடம் போனால் கையிலிருந்து காசு போகிறதா? போகிறது. வளர்ந்த ஒருவர் வருடத்தில் முதல் 300 பிராங்கையாவது தானே கொடுக்க வேண்டும், அதற்கு மேல் வரும் பில்லில் 10 வீதத்தையும் 700 பிராங் வரை தாங்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டுப்பணத்தில் ஒரு பகுதியை அரசு தருகிறது. ஆக, அங்கேயும் வரிப்பணம் இல்லாமல் வண்டி ஓடவில்லை.

மோட்டார் சைக்கிள் கதைக்கு வருவோம். சட்டம் கேட்பது மூன்றாந்தரப்புக் காப்புறுதியை மட்டும். நீங்கள் மோதினால் அடிபட்டவருக்கு நட்டஈடு கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது. உங்கள் கால் முறிந்தால் அதில் உங்களுக்கு ஒரு சதமும் வராது. இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுவது சரியில்லை.

வன்னியில் கட்டாயமாக்கினால் பணத்தை யார், எப்படி அறவிடுவது என்பதுதான் முதல் சிக்கல். 1883இல் ஜேர்மனி கட்டாய நோய்க் காப்புறுதியைக் கொண்டுவந்தபோது அது தொழிற்சாலைச் சம்பளத்தில் வெட்டப்பட்டது. எங்கள் பக்கத்தில் எத்தனை பேருக்குச் சம்பளத் துண்டு இருக்கிறது? பெரும்போக அறுவடை முடிந்தால் மாசி, பங்குனியில் கொஞ்சம் காசு, சிறுபோகம் சரிவந்தால் ஆவணியில் கொஞ்சம். கடற்றொழிலாளிக்கு அதுவும் நிச்சயமில்லை. கூலி வேலைக்குப் போகும் அக்காமாரிடம் மாதாமாதம் வந்து கேட்பது யார்? தாய்லாந்துக்கும் இதே பிரச்சினை இருந்தது. 2002இல் அவர்கள் விவசாயிகளிடம் கட்டுப்பணம் கேட்கிற யோசனையை விட்டுவிட்டு, சம்பள வேலையில் இல்லாதவர்களின் செலவை வரிப்பணத்திலிருந்தே கொடுத்தார்கள். நோயாளி ஒரு தடவைக்கு 30 பாத் கொடுத்தால் போதும் என்று தொடங்கினார்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் ஏழைக் குடும்பங்களுக்கான கட்டுப்பணத்தை மாநில அரசுதான் கட்டுகிறது.

அப்படிப் பார்த்தால் நாங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் நீக்கப்பட்டது 1951இல். அந்தச் செலவு வரியிலிருந்து போகிறது, வரியில் பெரும்பங்கு நாங்கள் கடையில் பொருள் வாங்கும்போது கொடுப்பது. 2024 தை மாதத்திலிருந்து பெறுமதிசேர் வரி 18 வீதம். வருமான வரிப் பக்கமே போகாத கூலித் தொழிலாளியும் இதைக் கட்டுகிறார். “இலவசமாகத்தானே தருகிறார்கள், வாயை மூடிக்கொண்டு வாங்கு” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது உங்கள் காசு.

இன்னொன்றையும் வாசிகசாலையில் சொல்லுங்கள். மலேரியாவுக்குப் பேர்போன மண் இது. 2012இக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய மலேரியா இந்த நாட்டில் இல்லை என்பதால் 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. வீடு வீடாக மருந்தடித்ததும், காய்ச்சல்காரரின் இரத்தம் எடுத்துப் பார்த்ததும், காட்டோரக் குடியிருப்பு வரை போனதும் அரச சுகாதாரப் பகுதி. தடுப்பூசியும் அப்படித்தான், பிள்ளைத்தாச்சியை வீடு தேடி வந்து பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தரும் அப்படித்தான். தனி ஆளுடைய பில்லைக் கொடுக்கும் காப்புறுதி இந்த வேலையைச் செய்யாது. வயல் காவலுக்குப் போனவரைப் புடையன் பாம்பு கடித்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அடிக்கிறோம், அம்புலன்ஸ் வருகிறது, ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள். கட்டுப்பணம் கட்டினாயா என்று யாரும் கேட்பதில்லை. அந்த அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது 2018இல்தான். அதற்கு முன் வாகனம் பிடிக்கப் பட்ட பாட்டை மறந்துவிடாதீர்கள்.

அதற்காக இப்போது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2022 நெருக்கடியில் மருந்துத் துண்டை எழுதிக் கையில் தந்து வெளியில் வாங்கச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஸ்கானுக்கும் விசேட வைத்தியருக்கும் முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போக நூறு கிலோமீற்றருக்கு மேல். வான் கூலி, கூட நிற்பவரின் சாப்பாடு, தங்குமிடம், ஒரு நாள் கூலி இழப்பு எல்லாம் குடும்பத்தின் தலையில். ஆனால் கவனியுங்கள், இங்கே விற்கப்படும் காப்புறுதிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். எங்கள் கையைக் கடிப்பது குளிசை, இரத்தப் பரிசோதனை, போக்குவரத்து. கட்டாயக் கட்டுப்பணம் மல்லாவிக்கு ஒரு டொக்டரையும் கொண்டுவராது. தனியார் ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் அந்த அட்டையை யாரிடம் நீட்டுவது?

சதி என்கிற பேச்சும் எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு அரசாங்கம் ஒரு திட்டத்தோடு வந்தால் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்போம். கட்ட முடியாதவருக்கு யார் கட்டுவது? பழைய வருத்தக்காரரை மறுக்கலாமா? கிளிநொச்சிக்காரர் எந்த ஆஸ்பத்திரியில் இதைப் பாவிக்கலாம்? கிளினிக் மருந்தும் இதில் அடங்குமா? இவற்றுக்கு நல்ல பதில் வந்தால் என் கருத்தையும் மாற்றிக்கொள்வேன்.

கேள்வி: ஒரு காப்புறுதி முகவர் வீட்டுக்கு வந்தார். ஆயுள் காப்புறுதியோடு ஆஸ்பத்திரிச் செலவும் சேர்ந்தது என்று சொன்னார். கணவருக்கு நாலு வருடமாகச் சலரோகம், கிளினிக் போகிறார். “அதை ஃபோமில் போடத் தேவையில்லை, போட்டால் கட்டுப்பணம் கூடும்” என்கிறார் முகவர். கையெழுத்து வைக்கலாமா?
– குடும்பப் பெண், புதுக்குடியிருப்பு

பதில்: அந்த ஃபோமில் வைக்காதீர்கள் தங்கச்சி. விண்ணப்பத்தில் கையெழுத்து உங்கள் கணவருடையது, முகவருடையது இல்லை. நாளைக்குச் சிறுநீரகமோ கண்ணோ பாதித்து நீங்கள் பணம் கேட்கும்போது, கம்பனி கிளினிக் கொப்பியையும், ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும்போது நோய் விபரம் எழுதித் தரும் டயக்னோசிஸ் காட்டையும் கேட்கும். முதலாவது பக்கத்திலேயே “சலரோகம், நாலு வருடம்” என்று இருக்கும். நோயை மறைத்தீர்கள் என்று கோரிக்கையைத் தள்ளிவிடுவார்கள், சட்டமும் அவர்கள் பக்கம் நிற்கும். அந்த நேரம் முகவர் வேறு கம்பனியில் இருப்பார்.

உண்மையை எழுதினால் கட்டுப்பணம் கூடலாம், சலரோகத்தோடு தொடர்புடைய வருத்தங்களை விலக்கலாம், முழுவதுமாக மறுக்கவும் கூடும். அது தெரிந்து எடுப்பதும் தெரிந்து விடுவதும் உங்கள் விருப்பம். ஃபோமை நீங்களே, உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்து நிரப்புங்கள். நிரப்பியதை ஒரு படம் எடுத்து வைத்திருங்கள். வெற்று ஃபோமில் கையெழுத்து வைத்துக் கொடுக்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கிறது, தயவுசெய்து அதை விடுங்கள்.

முகவரிடம் இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக் காசு பில்லுக்குத் தருவதா, அல்லது தங்கிய இரவுக்கு இவ்வளவு என்று தருவதா? இரவுக் கணக்கில் தருவது என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்தாலும் உண்டா? பல திட்டங்களில் உண்டு. வன்னியில் இருக்கிறவருக்கு அதுதான் உண்மையில் உதவும், வார்டில் பில் வராது, ஆனால் கூலி இழப்புக்கும் வான் காசுக்கும் கைகொடுக்கும். எடுத்த எத்தனை மாதத்துக்குப் பிறகு எந்த வருத்தத்துக்குப் பணம்? எந்த வயதோடு அந்தப் பகுதி முடிகிறது? பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளில் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ ஒன்றாவது இருக்கிறதா, எல்லாம் கொழும்பா?

கட்டும் முறையையும் யோசியுங்கள். வயல் வருமானத்தில் வாழ்பவர் மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டால் ஐப்பசி, கார்த்திகையில் விழுந்துவிடுவார், பத்திரம் காலாவதியாகும். ஆயுள் காப்புறுதியை முதல் இரண்டு மூன்று வருடத்தில் கைவிட்டால் பொதுவாகக் கட்டிய காசு திரும்பி வராது. அறுவடைக்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை கட்டலாமா என்று கேளுங்கள். எந்தக் காசையும் கம்பனியின் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்ட வாசகர்களுக்கு: ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாள் யோசிக்கக் காலம் உண்டு. அதற்குள் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தால், மருத்துவச் சோதனை போன்ற செலவுகளைக் கழித்து மீதியைத் திருப்பித் தருவார்கள். பிணக்கு வந்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். அங்கே சரிவராவிட்டால் இப்படியான பிணக்குகளை நடுநிலையாக விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், அந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் முறைப்பாடு ஏற்கும்.

கேள்வி: நுண்கடன் எடுத்தபோது கடன் தொகையிலேயே காப்புறுதிக்கு என்று ஒரு தொகையை வெட்டிவிட்டார்கள். போன மாதம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அந்தக் காப்புறுதியில் காசு வரும் என்று குழுவில் சொல்கிறார்கள். உண்மையா?
– சுயதொழில் செய்பவர், மல்லாவி

பதில்: கடனோடு சேர்த்து வெட்டும் காப்புறுதி பெரும்பாலும் கடன் கொடுத்தவருக்கான பாதுகாப்பு. கடனாளி இறந்தால் மீதிக் கடனை அது அடைக்கும். சில திட்டங்களில் ஆஸ்பத்திரிக் கொடுப்பனவும் இருக்கும், ஆகவே ஊகிக்காமல் பத்திரத்தைக் கேளுங்கள். எந்தக் கம்பனி, எவ்வளவு வெட்டினார்கள், எதற்கெல்லாம் பணம் வரும் என்பதை எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை. காசு வெட்டிவிட்டுப் பத்திரம் தராதது நியாயமே இல்லை. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனம் என்றால், அங்கே பதில் கிடைக்காதபோது மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் சொல்லலாம். டயக்னோசிஸ் காட்டை இப்போதே பிரதி எடுத்து வையுங்கள், கோரிக்கை வைக்கக் காலக்கெடு இருக்கும்.

கேள்வி: நான் ஆசிரியை. சம்பளத்தில் அக்ரஹாரவுக்கு, அதாவது அரச ஊழியர் மருத்துவக் காப்புறுதிக்கு, வெட்டுகிறார்கள். வெளியிலும் ஒன்று எடுக்க வேண்டுமா?
– மாங்குளம்

பதில்: முதலில் அக்ரஹாரவில் உங்கள் தரம் எது, துணைவரும் பிள்ளைகளும் பதியப்பட்டிருக்கிறார்களா என்று வலயக் கல்விப் பணிமனையில் பாருங்கள். வெட்டுவது தெரியும், பாவிக்கத் தெரியாது என்பவர்கள் நிறையப் பேர். ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் முழுப் பணம் வாங்க முடியாது. இரவுக்கு இவ்வளவு என்று தரும் திட்டம் என்றால் இரண்டிலும் கேட்கலாம். அந்த வித்தியாசத்தை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

கேள்வி: அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அப்பாவுக்கு இருதய சத்திரசிகிச்சை என்று சொல்லியிருக்கிறார்கள். என் ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் உதவி கேட்கலாமா?
– கிளிநொச்சி

பதில்: அந்த நிதியம் இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண் வில்லை பொருத்துவது போன்றவற்றுக்கு உதவுகிறது, ஆனால் அது அங்கத்தவரான உங்களுக்கு. அப்பாவுக்கு ஜனாதிபதி நிதியத்தைப் பாருங்கள். 2025 மாசியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டாம். குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள். சத்திரசிகிச்சைத் திகதிக்கு முன்பே வைத்தியரின் கடிதத்தோடு போய், என்னென்ன பத்திரம் தேவை என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் பட்டியலிலும் அப்பாவின் பெயர் இருக்கட்டும். தனியாரில் செய்ய நினைத்தாலும் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லாதீர்கள்.