‘இந்தியன் என்று சொல்லச் சொல்’

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறாள். கறுப்பினத்தவர் ஒருவரைக் காதலித்து மணந்துகொண்டாள். பேரனுக்கு இப்போது 11 வயது. சென்ற வாரம் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை பேரனுக்கு ஏதோ சொல்லிக்கொடுப்பது காதில் விழுந்தது. போலீஸ் நிறுத்தினால் கைகளை எங்கே வைக்க வேண்டும், சட்டைப்பைக்குள் ஏன் கை விடக் கூடாது என்று. அன்று இரவு தூக்கமே இல்லை. என் அண்ணனிடம் சொன்னேன். “துப்பாக்கியைத் தூக்குவதே அவர்கள்தான். போலீஸ் வேறு என்ன செய்யும்? தப்புச் செய்யாதவனை எதற்குத் தொடப்போகிறான்? பையன் நம் சாயல்தானே, இந்தியன் என்று சொல்லச் சொல்” என்கிறார். அவர் சொல்வது சரியா? பேரனிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அம்மா, உங்கள் அண்ணன் கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அதைப் போய்ப் பேரனிடம் சொல்லிவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

2015 பிப்ரவரியில் சுரேஷ்பாய் பட்டேல் என்ற 57 வயதுக் குஜராத்திக்காரர், பேரனைப் பார்த்துக்கொள்ள அலபாமா மாநிலத்தின் மேடிசன் நகரில் இருந்த மகன் வீட்டுக்குப் போயிருந்தார். உங்களைப் போலவே பேரன் உள்ளவர். காலையில் வீட்டுக்கு வெளியே நடைபாதையில் உலாவிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு அக்கம்பக்கத்துக்காரர் போலீஸுக்குத் தொலைபேசியில் சொன்ன அடையாளம் என்ன தெரியுமா? ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்பது. போலீஸ் வந்தது. பட்டேலுக்கு ஆங்கிலம் தெரியாது. ‘இந்தியா’ என்று சொன்னார். மகன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். ஒரு காவலர் அவருடைய கைகளைப் பின்னால் பிடித்து, காலை வாரி, முகம் தரையில் மோதும்படி வீழ்த்தினார். கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டு, உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. காவல் வண்டியின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. மாநில ஆளுநரே வருத்தம் தெரிவித்தார். அந்தக் காவலர் மீது நடந்த விசாரணையில் இரண்டு முறை ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. 2016 ஜனவரியில் நீதிபதி அவரை விடுதலை செய்தார்.

‘இந்தியா’ என்ற சொல்லைத்தான் அந்த மனிதரும் சொன்னார். கேட்ட காதுக்கு அது பொருட்டாக இல்லை. உங்கள் பேரன் எந்த இனம் என்பதைத் தெருவில் நிற்கும் காவலர் தன் கண்ணால் முடிவு செய்வார். பையனுடைய பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்கப்போவதில்லை. அந்த நொடியில் அவன் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை, கைகள் தெரிய நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் உங்கள் மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் செய்தது முழுக்கச் சரி.

இன்னொன்றும் இருக்கிறது. ‘இந்தியன் என்று சொல்’ என்றால், ‘உன் அப்பாவின் பிள்ளை இல்லை என்று சொல்’ என்று பொருள். 11 வயதுப் பையனுக்கு அது நன்றாகவே புரியும். புரிந்த பிறகு உங்களிடம் எதையும் சொல்ல மாட்டான்.

‘தப்புச் செய்யாதவனை எதற்குத் தொடப்போகிறான்’ என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் கேட்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் என்ன கொலைக்குற்றம் செய்துவிட்டார்கள்? ஊரடங்கில் கடையை நேரம் கடந்து திறந்து வைத்திருந்தார்கள் என்ற புகார். அதற்கு இரண்டு உயிர்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னால், மே 25ஆம் தேதி, மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் ஒரு காவலரின் முழங்காலுக்கு அடியில் ஒன்பதரை நிமிடம் கிடந்து செத்துப்போனார். போலி 20 டாலர் நோட்டுக் கொடுத்தார் என்பது அவர் மீதிருந்த புகார்.

உங்கள் பேரன் வயதுக்கு வருகிறேன். 2014 நவம்பரில் கிளீவ்லாண்ட் நகரப் பூங்கா ஒன்றில் டமீர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவன் பொம்மைத் துப்பாக்கியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். போலீஸுக்குத் தகவல் சொன்னவர், அது பொம்மையாக இருக்கலாம், ஆள் சிறுவனாக இருக்கலாம் என்றும் சேர்த்தே சொன்னார். அந்தச் சொற்கள் காவலர்களின் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை. வண்டி வந்து நின்ற இரண்டு நொடிக்குள் சுட்டுவிட்டார்கள். மறுநாள் பையன் இறந்தான். எவர் மீதும் குற்ற வழக்கு நடக்கவில்லை. இதை உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. மாப்பிள்ளை ஏன் இத்தனை சின்ன வயதிலேயே தொடங்கினார் என்பதற்கு இதுதான் காரணம்.

‘துப்பாக்கியைத் தூக்குவதே அவர்கள்தான்’ என்பதை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன், ஏனென்றால் அதில் ஒரு கால்வாசி உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் கொலை செய்யப்படுபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பர்கள். மக்கள்தொகையில் அவர்கள் ஏழில் ஒரு பங்குதான். அவர்களைக் கொல்பவர்களும் பெரும்பாலும் கறுப்பர்களே. வெள்ளையரைக் கொல்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் வெள்ளையர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். மனிதன் பக்கத்தில் இருப்பவனைத்தான் கொல்கிறான். யார் பக்கத்தில் யார் வாழலாம் என்பதை அந்த நாட்டில் அரசாங்கமே வரைபடம் போட்டு முடிவு செய்திருக்கிறது. 1930களில் கறுப்பர் வாழும் தெருக்களைச் சிவப்பு மையால் அடையாளமிட்டு, அங்கே வீட்டுக்கடன் கிடைக்காதபடி செய்தார்கள். வீட்டு விற்பனையில் இனபேதம் கூடாது என்ற சட்டம் 1968இல்தான் வந்தது. அதற்குள் இரண்டு தலைமுறையின் சொத்தும், பள்ளிக்கூடமும், வேலையும் போய்விட்டன. அந்தத் தெருக்களில் கொலை நடந்தால் கொன்றவன் பிடிபடுவதும் குறைவு.

மீதி முக்கால்வாசியை உங்கள் அண்ணன் கேள்விப்பட்டிருக்க மாட்டார். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அப்படி இறப்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளை ஆண்கள். 33 கோடிப் பேர் வாழும் நாட்டில் ஏறத்தாழ 39 கோடித் துப்பாக்கிகள் மக்களின் கையில் இருப்பதாக 2018இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. எதிரில் வரும் எவரிடமும் துப்பாக்கி இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் ஒவ்வொரு காவலரும் காரை நெருங்குகிறார். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர் போலீஸ் குண்டுக்கு இறக்கிறார்கள். எண்ணிக்கையில் வெள்ளையரே கூடுதல். ஆனால் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் கறுப்பர்கள் இரண்டு மடங்குக்கும் மேலான விகிதத்தில் சாகிறார்கள்.

எனக்கு மறக்காத ஓர் ஆய்வு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர், சாலையில் வண்டிகளைப் போலீஸார் நிறுத்திய கோடிக்கணக்கான பதிவுகளை எடுத்து, மாலை நேரத்தை மட்டும் தனியாகப் பார்த்தார்கள். இருட்டிய பிறகு நிறுத்தப்படும் ஓட்டுநர்களில் கறுப்பர்களின் பங்கு குறைகிறது. நிறம் கண்ணுக்குத் தெரியாதபோது நிறுத்துவதும் குறைகிறது. அண்ணனிடம் இதை மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவரே யோசித்துக்கொள்வார்.

காவல்துறையில் எல்லா இனத்தாரையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். ஃபிளாய்டைத் தரையில் அழுத்தியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் குவெங், வெள்ளைத் தாய்க்கும் கறுப்பினத் தந்தைக்கும் பிறந்தவர். உங்கள் பேரனைப் போலக் கலப்புக் குடும்பத்துப் பிள்ளை. உள்ளே போய்க் காவல்துறையைத் திருத்த வேண்டும் என்று வேலையில் சேர்ந்தவர். வேலையின் முதல் நாட்களிலேயே, ஃபிளாய்டின் கழுத்தை அழுத்திய மூத்த அதிகாரியின் முழங்காலுக்கு அருகில், அவர் முதுகை அழுத்திக்கொண்டிருந்தார். தடுக்கச் சொல்லிக் கத்திய கூட்டத்தைத் தள்ளி நிறுத்தியவர் ஆசிய வம்சாவளிக் காவலர். இருவரும் சிறைக்குப் போனார்கள். பிறப்பு எதையும் தானாகக் கற்றுத்தருவதில்லை. யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பாட்டிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பராக் ஒபாமாவை ஹவாயில் வளர்த்தவர் அவருடைய வெள்ளைப் பாட்டி. 2008இல் ஃபிலடெல்ஃபியாவில் பேசியபோது ஒபாமா அவரைப் பற்றிச் சொன்னார். உலகத்தில் எதை நேசித்தாரோ அந்த அளவுக்குத் தன்னையும் நேசித்த அதே பாட்டி, தெருவில் கடந்துபோகும் கறுப்பு ஆண்களைக் கண்டு பயந்ததாக ஒருமுறை ஒப்புக்கொண்டதையும், அவர் வாயிலிருந்து வந்த சில சொற்கள் தன்னைக் கூச வைத்ததையும். பேரனிடம் எத்தனை அன்பு வைத்திருந்தாலும் அந்தச் சொல் அவன் காதில் தங்கிவிடும். உங்கள் வீட்டில் ‘கறுப்பன்’ என்ற சொல் எந்தத் தொனியில் புழங்குகிறது என்று நீங்களே கவனித்துப் பாருங்கள்.

இன்னோர் அம்மாவும் இருந்தார், நம் ஊர்க்காரர். சியாமளா கோபாலன் 19 வயதில், 1958இல், பெர்க்லிக்குப் படிக்கப் போனார். அதே 1958இல்தான் வர்ஜீனியாவில் ரிச்சர்ட் லவ்விங், மில்ட்ரெட் என்ற வெள்ளை-கறுப்புத் தம்பதியின் படுக்கையறைக்குள் நள்ளிரவில் போலீஸ் நுழைந்து, மணந்த குற்றத்துக்காகக் கைது செய்தது. அப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1967 ஆனது. அதுவரை அந்தச் சட்டத்தை வைத்திருந்த 16 மாநிலங்களில் உங்கள் மகள் வாழும் டெக்சாஸும் ஒன்று. சியாமளா ஜமைக்காவைச் சேர்ந்த கறுப்பினத்தவரை மணந்தார். இரண்டு பெண்களுக்கும் இந்தியப் பெயர் வைத்தார், இட்லி ஊட்டினார், சென்னைக்கு அழைத்து வந்தார். ஆனால் அந்த நாடு இவர்களைக் கறுப்புப் பெண்களாகத்தான் பார்க்கும் என்பதைத் தெரிந்துகொண்டே வளர்த்தார் என்று மூத்த மகள் கமலா எழுதியிருக்கிறார். கமலா ஹாரிஸ் துணை அதிபர் ஆனபோது அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டு வெடி வெடித்தோம். அவருடைய அப்பா யார் என்று அன்று எவரும் முகம் சுளிக்கவில்லை. பதவியில்லாத உங்கள் பேரனுக்கும் அதே மரியாதை வேண்டும்.

பேரனிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். அப்பா சொல்வதைக் கவனமாகக் கேள் என்று சொல்லுங்கள். உன்மேல் எந்தத் தவறும் இல்லை என்று சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். முதலாவதை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, தன்னிடமே ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். மகளிடம் ஒன்று கேளுங்கள்: பேரன் விளையாடப் போகும் வீடுகளில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று அந்த வீட்டாரைக் கேட்டிருக்கிறாளா? 2020இலிருந்து 1 முதல் 19 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு அங்கே முதல் காரணம் துப்பாக்கிதான். போலீஸ் குண்டைவிட, நண்பன் வீட்டு அலமாரியில் இருக்கும் துப்பாக்கி பிள்ளைகளுக்கு அருகில் இருக்கிறது. கேட்பதற்கு அவளுக்குக் கூச்சமாக இருக்கும். கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடமில்லாததால் சுருக்கி வெளியிட்டிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தில் மகள் வருகிறாள், பேரன் வருகிறான், அண்ணன் மூன்று முறை வருகிறார். மாப்பிள்ளையின் அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் சம்பந்தியம்மாவோடு ஒரு முறையாவது பேசியிருக்கிறீர்களா? நீங்கள் ஒரு வாரமாகத் தூங்காமல் இருக்கும் இந்தப் பயத்தை அவர் மகன் பிறந்த நாளிலிருந்து வைத்திருப்பார். மொழி தடையென்றால் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, உங்கள் பையனுக்கு இதையெல்லாம் எந்த வயதில், எப்படிச் சொன்னீர்கள் என்று அவரிடம் கேளுங்கள்.