போனில் மட்டும் ரயில் ஏன் வெட்டுப்படுகிறது?

கேள்வி: நீலகிரியில், குன்னூருக்கு மேலே கேத்தி பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். எங்கள் வெப்சைட் பேனரில், தேயிலைச் சரிவில் மலை ரயில் வரும் போட்டோவைப் பின்னணியாக வைத்திருக்கிறேன். அளவு ‘கவர்’, இடம் ‘சென்டர்’. கம்ப்யூட்டரில் அருமையாக இருக்கிறது, போனில் பாதி ரயிலைக் காணோம். மைனஸ் 300 பிக்சல் தள்ளிப் பார்த்தேன். போன் சரியானது, கம்ப்யூட்டரில் படத்தின் இடது ஓரம் வலது பக்கம் மறுபடி முளைக்கிறது. என்ன செய்வது?

பதில்: பிக்சலை எடுத்துவிட்டு பேக்கிரவுண்ட்-பொசிஷனில் 75% 60% என்று போடுங்கள். (சொற்களை உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் ஃபைலில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.)

அந்த எண்கள் எப்படி வந்தன? கவர் என்றால், பெட்டி (இங்கே உங்கள் பேனர்) முழுதும் நிரம்புகிற அளவுக்குப் படத்தை மாற்றிவிட்டு, மிஞ்சுவதை வெட்டிவிடும். எந்தப் பக்கம் மிஞ்சும் என்பது பெட்டியின் வடிவத்தைப் பொறுத்தது. உங்கள் போட்டோ 2400க்கு 1600 பிக்சல், பேனர் உயரம் 480. 1440 அகலத் திரையில் படம் 1440க்கு 960 ஆகிறது. அகலம் கச்சிதம், உயரத்தில்தான் மிச்சம். 360 அகல போனில் அதே படம் 720க்கு 480. இப்போது உயரம் கச்சிதம், பக்கவாட்டில் சரிபாதி வெளியே போகிறது.

போட்டோவில் ரயில் இடமிருந்து 1600க்கும் 2000க்கும் இடையே இருக்கிறது. போன் அளவில் அது 480 முதல் 600 வரை. சென்டர் காட்டுவதோ 180 முதல் 540 வரைதான். ரயில் நடுவிலேயே அறுபடுகிறது.

சதவீதத்தைப் பலரும் இடது ஓரத்திலிருந்து இவ்வளவு தூரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பெட்டியின் அகலத்தில் படத்தின் அகலத்தைக் கழித்து, வருவதில் அத்தனை சதவீதம்தான் நகர்வு. 360இல் 720 போனால் மைனஸ் 360, அதில் 75% மைனஸ் 270. ஆக, போனில் 270 முதல் 630 வரை தெரியும், ரயில் முழுசாக உள்ளே வந்துவிடும். படத்தின் 75% புள்ளியையும் பெட்டியின் 75% புள்ளியையும் சேர்த்து ஒரே ஆணி அடித்த மாதிரி. திரை எவ்வளவு குறுகினாலும் அந்தப் புள்ளி வெளியே போகாது. ரயிலின் நடுப்புள்ளி 1800, அதாவது 2400இல் 75%. மேலிருந்து 960, அதாவது 1600இல் 60%. 100% கொடுத்தால் போனில் ரயில் நட்டநடுவில் வரும். எனக்கு அது பிடிக்கவில்லை. ரயில் இடப்பக்கம் பார்த்து வருகிறது, முன்னால் கொஞ்சம் வெளி இருக்கட்டும்.

போனில் 60%ஐ எப்படி மாற்றினாலும் படம் அசையாது. உயரத்தில் கழித்தால் பூஜ்யம்தானே வருகிறது! கம்ப்யூட்டரில் 75%க்கும் இதே கதி. பிக்சலுக்கு இந்தக் கணக்கே கிடையாது. சொன்ன தூரம் நகர்த்தும், காலியான இடத்தில் ரிப்பீட் வந்து உட்காரும்.

அப்புறம், இந்த வரிக்குக் கீழே எங்காவது நிறம் மாற்ற வெறும் ‘பேக்கிரவுண்ட்’ என்று எழுதியிருந்தால் பொசிஷன், சைஸ் இரண்டும் பழைய நிலைக்கே போய்விடும், படமும் சேர்ந்து காணாமல் போகும். நிறம் மட்டும் வேண்டுமானால் பேக்கிரவுண்ட்-கலர் போதும். எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுவதானால் பொசிஷன் முதலில், ஒரு சாய்கோடு, பிறகு சைஸ்.

என்னைக் கேட்டால், விருந்தினர் பார்க்க வருவதே அந்த ரயிலைத்தான் என்றால் அதைப் பின்னணியில் வைக்கவே வேண்டாம். இமேஜ் டேகில் (பக்கத்திலேயே நேரடியாகப் படத்தை வைக்கும் குறி) போட்டு, ஆப்ஜெக்ட்-ஃபிட் கவர், ஆப்ஜெக்ட்-பொசிஷன் 75% 60% கொடுங்கள். கணக்கு அதேதான். கூடவே ஆல்ட் வாசகம் எழுதலாம், படம் இறங்காத இடத்தில் அதுவாவது தெரியும். அதில் ‘நீராவி ரயில்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குன்னூருக்கு மேலே வழக்கமாக ஓடுவது டீசல் இன்ஜின்.